படியிறங்கி வந்த கூட்டம்

ஜனவரி 14

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம். உன் இருமல் விட்டதா? மலையைக் குடைந்து சுரங்கம் போடுகிற இடத்தில் எவ்வளவு தூசி பறக்கும் என்று நினைத்தாலே இங்கே எனக்குத் தொண்டை கமறுகிறது. உங்கள் முகாமில் போன் எடுக்காததால் கடிதம் எழுதப் பழகிவிட்டேன். பேசுவதைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. நீ குறுக்கே பேச முடியாது.

இங்கே ஆற்று நடைபாலத்தை அடைத்துவிட்டார்கள். ஒரு நாள் காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிப் போகிறேன், பாலத்தின் முகப்பில் தகரத் தட்டி. "வழி இல்லை – நகர்மன்றம்" என்று எழுதியிருந்தது. ஏன், எதுவரைக்கும், ஒன்றும் கிடையாது. இப்போது பஸ் பிடித்து, ஊரைச் சுற்றி, பெரிய பாலம் வழியாகப் போகிறேன். பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்கள் என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, ஊசி நான் வைத்திருக்கிறேனா அவர்கள் வைத்திருக்கிறார்களா என்று சந்தேகம் வந்துவிடும்.

நான் சமாளித்துக்கொள்வேன். எதிர்வீட்டு அச்சகத்தாரை நினைத்தால்தான் ஆறவில்லை. தினமும் தன் சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு பாலத்தைத் தாண்டி அச்சகத்துக்குப் போவார். யார் பின்னால் கை வைத்தாலும் திரும்பி முறைப்பார், தெரியும் அல்லவா? பெரிய பாலத்து மேட்டில், லாரிகளுக்கு நடுவே அவரால் போக முடியாது. அச்சகம் பூட்டிக் கிடக்கிறது. "நகர்மன்றம் எனக்கு லீவு குடுத்திருக்கும்மா" என்று ஜன்னலில் இருந்து சிரிக்கிறார்.

வீட்டிலேயே ஒரு மன்ற உறுப்பினர் இருக்கிறாரே என்று அத்தானிடம் கேட்டேன். "பேசிக்கிட்டிருக்காங்க" என்றார். யார், யாரோடு என்றேன். பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள். பெட்டிக்குள் வைத்தால் அது சூடு தராது.

உன் அக்கா

*

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. அதை என் அறைத் தோழரான சமையல்காரர் வாங்கிக்கொண்டார். முன்பு குறட்டை மட்டும்தான், இப்போது இரண்டும். தகரக் கொட்டகை, எல்லாம் எதிரொலிக்கும். மற்றபடி துளைக்கும் எந்திரமும் நானும் சுகம். ஒருவரை ஒருவர் மாறி மாறிப் பழுது பார்த்துக்கொள்கிறோம்.

பாலச் செய்தி படித்து வருத்தப்பட்டேன். ஆனால் அத்தானைப் பேப்பருக்குள்ளிருந்து வெளியே கொண்டுவர முடியாத நீ நகர்மன்றத்தை என்ன செய்துவிடப் போகிறாய்? அச்சகத்தாரைச் சும்மா இருக்கச் சொல்லாதே. சும்மா இருந்தால் அவருக்கு உடம்புக்கு வந்துவிடும்.

மருமகளுக்கு என் அன்பு. மாமா வரும்போது மலையில் பொறுக்கிய பச்சைக் கல் ஒன்று கொண்டுவருவேன் என்று சொல்.

தம்பி

*

பிப்ரவரி 22

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு யாருக்கும் காய்ச்சல் தலைவலி இல்லை. சமையல்காரருக்கு மிளகு போட்டு வெந்நீர் கொடு.

அச்சகத்தார் சும்மா இல்லை. மாதக் கூட்டத்தில் ஊர்க்காரர் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்று நகர்மன்ற விதியிலேயே இருக்கிறதாம். அது ஊரில் யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது, மன்ற உறுப்பினர் மனைவிக்கு. ஆஸ்பத்திரி வண்டியைக் கேட்டு வாங்கி, அதில் அவரை அழைத்துப் போனேன்.

அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் வரி கட்டும் ஜன்னல்கள். கூட்ட அறை மாடியில். மாடிக்குப் படி மட்டும்தான். எழுத்தர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். "தாராளமா வரலாம் சார். மேலே வாங்க" என்றார். சொல்லிவிட்டு நாற்காலியைப் பார்த்தார், பிறகு படியைப் பார்த்தார். அச்சகத்தார், "தூக்கிட்டுப் போறோம்னு மட்டும் யாரும் சொல்லிடாதீங்க. நான் மூட்டை இல்லை. நீங்க கீழே வந்து நடத்துங்க" என்றார். நான் மட்டும் மேலே ஏறிப் பார்த்தேன். கதவு உள்பக்கம் தாழ்ப்பாள். "பார்வையாளருக்கு நாற்காலி போடலைம்மா, அதான்" என்று வாசலில் நின்ற காவலாளி சொன்னார்.

படியின் அடியிலேயே காத்திருந்தோம். கூட்டம் முடிந்து ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். அச்சகத்தார் எல்லோருக்கும் வணக்கம் சொன்னார், பேர் சொல்லிக் கூப்பிட்டு, வீட்டில் சௌக்கியமா என்று விசாரித்தார். ஒருவரும் நின்று பேசவில்லை. இவ்வளவு கோபத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் இவ்வளவு பதவிசாக இருப்பதை நான் பார்த்ததில்லை.

அத்தான் கடைசியாக இறங்கினார்.

உன் மருமகளுக்கு இப்போது வேலை அதிகம். சாப்பாடு தயார் என்று அப்பாவிடம் போய்ச் சொல்வது, கடைச் சாவி எங்கே என்று அம்மாவிடம் வந்து கேட்பது. நன்றாகச் செய்கிறாள்.

உன் அக்கா

*

மார்ச் 10

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து உங்களுக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. உங்கள் அக்கா எழுதும் கடிதத்தின் ஓரத்தில் "அத்தானும் விசாரித்தார்" என்று வருமே, அதோடு சரி. இன்று கடையில் ஆள் இல்லாத நேரத்தில், ஆணிப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் அக்கா மாதா மாதம் மன்றத்துக்குப் போகப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். என்னிடம் அல்ல, மகளிடம். என் கடைக்கு வருகிறவர்கள் ஒரு கதவுக் கீல் வாங்குவதற்குள் ஒன்பது விதமாகக் கேட்கிறார்கள். நீங்கள் சொன்னால் கேட்பாள். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

காரணம் இதுதான். பாலத்தைப் பிரித்துவிடுவது என்று ஜனவரிக் கூட்டத்திலேயே முடிவாகிவிட்டது. மழைக்கு மழை பராமரிக்க முடியவில்லையாம், நம் கரையில் ஆள் குறைவாம். இந்தக் கரையிலிருந்து மன்றத்தில் இருப்பவன் நான் ஒருவன். கூடாது என்றேன். வேறு யாரும் என்னோடு கை தூக்கவில்லை. உள்ளே என்ன விவாதம் நடந்தாலும் வெளியே ஒரே குரலாகத்தான் பேசுவது என்று பதவி ஏற்றபோது எல்லோரும் வாக்குக் கொடுத்தோம். அந்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டே, ஒவ்வொருவர் வீடாகப் போய்ப் பேசி மனதை மாற்றிக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேர் இளகி வருகிறார்கள். விஷயம் தெருவுக்கு வந்தால் வீம்பு பிடித்துக்கொள்வார்கள்.

அக்காவிடம் இதைச் சொல்ல வேண்டாம். என்னிடம் அவள் பேசாமல் இருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். என்னை நம்பிச் சொன்னதை மனைவியிடம் சொன்னான் என்ற பேர் எனக்கு வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அத்தான்

*

மார்ச் 25

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

உங்கள் கையெழுத்தை முதன்முதலாகப் பார்த்ததில் சந்தோஷம். வாசித்து முடித்தபோது அது பாதியாகிவிட்டது. நான் நலம்.

அக்காவிடம் சொல்ல மாட்டேன். ஆனால் அவளைப் பொறுக்கச் சொல்லவும் என்னால் முடியாது. நான் சொல்லி அவள் எதைக் கேட்டிருக்கிறாள்? சின்ன வயதில் ரயிலில் ஒருவர் எங்கள் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். வேண்டாம் அக்கா, நின்றுகொண்டே போகலாம் என்றேன். அந்த ஆள் எழுந்திருக்கும்வரை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு என்னை உட்கார வைத்துவிட்டு அவள் நின்றுகொண்டே வந்தாள். உங்களுக்குத் தெரியாததா?

நீங்கள் ஒருவராகக் கை தூக்கியதைப் படித்து எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நான் இந்த மலையில் தனியாக வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? அது இருக்க வேண்டிய இடம் உங்கள் வீடு. அக்காவிடம் நீங்களே சொல்லுங்கள்.

தப்பாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மாப்பிள்ளை

*

ஏப்ரல் 12

அன்புள்ள தம்பிக்கு,

சுகமா? உன்னிடமிருந்து கடிதம் வந்து வெகு நாளாகிறது. சாமான் லாரி மலைக்கு வருவதில்லையா, அல்லது என்னிடம் சொல்ல உனக்கு ஒன்றும் இல்லையா?

மார்ச் கூட்டத்துக்கும் போனோம். இந்த முறை பதினைந்து இருபது பேர் வந்தார்கள். நாற்காலி இல்லை என்றுதானே சொன்னார்கள், ஆளுக்கு ஒன்று வீட்டிலிருந்து எடுத்து வந்தார்கள். பிளாஸ்டிக், மடக்கு நாற்காலி, தையற்காரம்மா தன் தையல் முக்காலியையே கொண்டுவந்துவிட்டாள். காவலாளி மேலே விடவில்லை. எல்லோரும் கீழே, அச்சகத்தாரைச் சுற்றிப் போட்டு உட்கார்ந்தோம். யாரும் கத்தக் கூடாது, ஒருவரையும் வழிமறிக்கக் கூடாது என்று அச்சகத்தார் முன்பே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

எங்களோடு வந்து பின்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தி, "இவ புருஷனும் அவங்ககூடத்தானே உள்ளே இருக்கான்" என்றாள். நான் திரும்பவில்லை. அச்சகத்தார் திரும்பினார். "அந்தக் கதவு மூடியிருக்கற வரைக்கும் உள்ளே யார் எப்படின்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதைத் திறக்கத்தானேம்மா வந்திருக்கோம்" என்றார்.

அன்று முழுக்க அது என் காதிலேயே இருந்தது.

அத்தான் உனக்கு எழுதினாரா? அவர் தபால் ஆபீஸில் உறை வாங்கியதை உன் மருமகள் பார்த்தாளாம்.

உன் அக்கா

*

ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

லாரி வந்தது. எழுதத்தான் வரவில்லை. எனக்குப் பொய் சொல்ல வராது என்று உனக்குத் தெரியும். சின்னப் பொய்க்கே காது சிவந்துவிடும். கடிதத்தில் காது தெரியாது என்றாலும் நீ கண்டுபிடித்துவிடுவாய்.

அத்தான் எழுதினார். என்ன எழுதினார் என்று என்னிடம் கேட்காதே. அவரிடம் கேள். பயந்துகொண்டு கேட்காதே. இதற்கு மேல் எழுதினால் எல்லாவற்றையும் எழுதிவிடுவேன்.

சமையல்காரருக்கு இருமல் நின்றது. உன் மிளகு வெந்நீருக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

தம்பி

*

மே 19

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம். இந்த முறை உண்மையாகவே சுகம்.

உன் கடிதம் மே மாதக் கூட்டத்துக்கு முன் வாரம் வந்தது. அத்தானிடம் கேள் என்று எழுதியிருந்தாய். வீட்டில் கேட்டிருக்கலாம். அன்று இரவுச் சாப்பாட்டின்போது வாய்வரை வந்தது. ஆனால் வீட்டில் கேட்டால் எனக்கு மட்டும்தான் பதில் கிடைக்கும். அச்சகத்தாருக்குக் கிடைக்காது, தையற்காரம்மாவுக்குக் கிடைக்காது. அதனால் விழுங்கிக்கொண்டேன். அவர் சொல்லப்போவது நான் கேட்கக் கூடாததாக இருந்தால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது. ஒன்றும் இல்லை என்று உனக்கு எழுத மாட்டேன்.

கூட்டத்தன்று கீழ்த்தளம் நிறைந்துவிட்டது. படிக்குப் போகிற வழியை மட்டும் ஒழுங்காக விட்டிருந்தோம். உறுப்பினர்கள் வந்தார்கள். அவர்களில் மூத்தவர், முழங்கால் வலிக்காரர், முதல் படியில் கால் வைத்துவிட்டு நின்றார். தையற்காரம்மா எழுந்து தன் முக்காலியைக் கொடுத்தாள். அவர் உட்கார்ந்தார். சுற்றிலும் பார்த்தார். பிறகு தலைவரைப் பார்த்து, "இங்கேயே நடத்திடலாம்ப்பா. எல்லாரும்தான் வந்திருக்காங்களே. என் முழங்காலுக்கும் புண்ணியம்" என்றார். தலைவர் முகம் எப்படியோ போயிற்று. ஆனால் அவ்வளவு பேர் எதிரில் கிழவரை எழுப்பி மாடிக்கு ஏற்ற முடியுமா? வரி ஜன்னலுக்கு முன்னால் மேஜைகளை இழுத்துப் போட்டார்கள்.

சாக்கடை, தெருவிளக்கு என்று போய்க்கொண்டே இருந்தது. பால விஷயம் எடுக்கிற வழியாகத் தெரியவில்லை. நான் எழுந்தேன். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"நடைபாலத்தை என்ன பண்ணப் போறீங்க? அதை யார் முடிவு பண்ணினது?" என்று கேட்டேன்.

"மன்றம் முடிவு பண்ணும்மா" என்றார் தலைவர். "மன்றம்னா எல்லாரும் சேர்ந்ததுதான். உள்ளே யார் என்ன சொன்னாங்கன்னு வெளியே சொல்ற வழக்கம் இல்லை."

"நான் உங்களைக் கேட்கலைங்க. எங்க கரை உறுப்பினரைக் கேட்கறேன்" என்றேன். அத்தான் பக்கம் திரும்பினேன். "நாங்க உங்களைத்தான் தேர்ந்தெடுத்து அனுப்பினோம். நீங்க என்ன சொன்னீங்க?"

தம்பி, அவர் என்னைப் பார்த்தார். பிப்ரவரிக்குப் பிறகு நாங்கள் ஒருவரை ஒருவர் நேராகப் பார்த்தது அப்போதுதான். மெதுவாக எழுந்தார். சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மேஜையில் வைத்தார், ஏனென்று தெரியவில்லை.

"பாலத்தைப் பிரிச்சிடறதுன்னு ஜனவரியிலேயே முடிவாயிடுச்சு" என்றார். "நான் கூடாதுன்னேன். நான் ஒருத்தன்தான் சொன்னேன். இதை வெளியே சொல்லக் கூடாதுன்னு இவங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். ஆனா அதுக்கு முன்னாடியே உங்ககிட்ட ஓட்டுக் கேட்டு வந்தப்ப உங்களுக்கும் ஒரு வாக்குக் குடுத்தேன். ரெண்டையும் சேர்த்துக் காப்பாத்தலாம்னு பார்த்தேன். முடியலை."

உட்கார்ந்துவிட்டார். அப்போது முழங்கால்காரர் முக்காலியில் இருந்தபடியே, "நான் பிரிக்கலாம்னுதான் கை தூக்கினேன். அந்தப் பாலத்துல நான் நடந்து வருஷக்கணக்காச்சு. யார் நடக்கறாங்கன்னு நெனச்சே பார்க்கலை" என்றார். அப்புறம் இன்னொருவர் பேசினார். ஒருவர் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போயே போய்விட்டார். கடைசியில் தலைவர், அடுத்த கூட்டத்தில் இதை மறுபடி எடுப்போம் என்றார். "கீழேதானே?" என்றார் அச்சகத்தார். "கீழேதான்" என்றார் தலைவர்.

நாங்கள் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். இறங்கி நடக்கும்போதுதான், "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றேன். "சொல்லியிருந்தா நீ கூட்டத்துக்கு வந்திருக்க மாட்டே. எனக்காகப் பேசாம இருந்திருப்பே" என்றார். கொஞ்ச தூரம் போய், "வராம இருந்திருந்தா நான் இன்னும் வீடு வீடாத்தான் போயிட்டிருப்பேன்" என்றார். அவர் சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. நாங்கள் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கேட்காத மாதிரி, என்னோடு கூட்டத்துக்கு வந்திருந்த உன் மருமகள் முன்னால் நடந்தாள். அவளுக்கு வேலை போய்விட்டது.

எனக்குத் தெரியாமல் இத்தனை நாள் இதைச் சுமந்துகொண்டிருந்த உன்னை என்ன செய்வது? வா, பேசிக்கொள்கிறேன்.

உன் அக்கா

*

ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

ஒரே உறையில் இருவருக்கும் சேர்த்து எழுதுகிறேன். இனிமேல் எனக்கு ரகசியம் எதுவும் எழுதி அனுப்ப வேண்டாம். இரண்டு மாதம் தூக்கம் போயிற்று. சமையல்காரர் என் குறட்டை நின்றுவிட்டதே, உடம்புக்கு என்ன என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது. நான் குறட்டை விடுவேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

அக்கா, உன் கடிதத்தைச் சுரங்க வாயில் டீ குடிக்கும் நேரத்தில் சத்தமாகப் படித்தேன். மன்னித்துக்கொள். "நீங்க என்ன சொன்னீங்க" என்ற இடத்தில் எங்கள் மேஸ்திரி டீயைக் கீழே வைத்துவிட்டார். இப்போது அடுத்த கடிதம் எப்போது என்று கேட்கிறார்கள்.

அத்தான், கடையில் யாராவது ஏதாவது சொல்கிறார்களா? எழுதுங்கள்.

தம்பி

*

ஆகஸ்ட் 21

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு எல்லோரும் நலம். உங்கள் மேஸ்திரிக்கும் மற்றவர்களுக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இதையும் சத்தமாகப் படிப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

ஜூன் கூட்டத்தில் பாலத்தைப் பிரிக்காமல் பழுது பார்ப்பது என்று முடிவானது. இந்த முறை ஒவ்வொருவரும் எழுந்து தன் வாயால் சொன்னார்கள். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள்; அவர்களும் ஊரார் முகத்தைப் பார்த்தே சொன்னார்கள், அதை மதிக்க வேண்டும். துருப்பிடித்த தூண்களை மாற்றி, போன வாரம் திறந்துவிட்டார்கள். முதலில் அச்சகத்தார் போகட்டும் என்று எல்லோரும் ஒதுங்கினோம். அவசரமே இல்லாமல், நடுவில் நின்று தண்ணீரை எல்லாம் பார்த்துவிட்டுப் போனார். பின்னால் தலைவர் உட்பட ஊரே ஊர்ந்து போனது. யாரும் அவர் நாற்காலியில் கை வைக்கவில்லை.

கடையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சாலை, பாலம் வேலைகளைக் கவனிக்கிற மன்றக் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். வருத்தம்தான், மறைக்கவில்லை. ஆனால் முன்பு கீல் வாங்க வந்து குத்திப் பேசியவர்கள் இப்போது கேள்வி கேட்க வந்து கீல் வாங்கிப் போகிறார்கள்.

இந்த மாதக் கூட்டத்தில் தலைவருக்கு வேண்டியவர் ஒருவர் எழுந்தார். "எல்லாத்தையும் வெளிப்படையாப் பேசணும்னு சொல்றாரே நம்ம உறுப்பினர், அவர் இரும்புக்கடைத் தகரக் கூரை நடைபாதையை அடைச்சு நிக்குதே, அதையும் பேசலாமா?" என்றார். சிரிப்பு எழுந்தது. எனக்கு முகம் சுட்டது. வெயிலுக்காகக் கொஞ்சம் நீட்டியதுதானே, ஊரில் யார் நீட்டவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பின்வரிசையில் உங்கள் அக்கா எழுந்துவிட்டாள். எனக்காகப் பேசப் போகிறாள் என்று நினைத்தேன்.

"ஆமாங்க, வெளியேதான் நிக்குது" என்றாள். "அச்சகத்தார் நாற்காலி அந்த இடத்துல ரோட்டுல இறங்கித்தான் போகுது. நானே பார்த்திருக்கேன்."

கேட்டவர் உட்கார்ந்துவிட்டார். நாளைக்குள் எடுத்துவிடுகிறேன் என்றேன். வேறு என்ன சொல்வது?

மறுநாள் காலை கடையைத் திறப்பதற்கு முன் ஏணி போட்டு ஏறினேன். ஆள் வைத்துச் செய்திருக்கலாம். என்னவோ நானே செய்ய வேண்டும் போல் இருந்தது. திருகாணிகள் இறுகிப்போயிருந்தன. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள், சிலர் யோசனையும் சொன்னார்கள். தகரம் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கியது. கடைக்குள் இத்தனை வெளிச்சம் வரும் என்று எனக்குத் தெரியாது.

ஏணியைப் பிடித்துக்கொண்டது உங்கள் அக்கா. அன்று ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

அன்புடன்,
அத்தான்